வானிலைக் கணிப்பும் அதன் பின்னுள்ள உழைப்பும்



வானொலிச் செய்தி முடியும் தறுவாயில் வானிலை அறிக்கை வருகிறது. கடலோர மாவட்டங்களில் மழை பெய்யக்கூடும் என்று அறிவிப்பாளர் படிக்கிறார். அதைக் கேட்டதும் வீட்டில் ஒருவர், "மழை என்று சொல்லிவிட்டார்களா? அப்படியானால் அஞ்சாமல் துணி உலர்த்தலாம்" என்று நகைக்கிறார். மற்றவர்களும் உடன் சேர்ந்து சிரிக்கிறார்கள். நானும் இளமையில் அவ்வாறு சிரித்தவன்தான். வானிலை அறிவிப்பு எவ்வாறு உருவாகிறது என்பதனை அறிந்த பின்னர் அச்சிரிப்பு என்னிடமிருந்து விடைபெற்றது. இன்று அதனைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்று வெயிலா, மழையா, காற்று எப்பக்கமிருந்து வீசுகிறது என்பன வானிலை. ஓரிடத்தின் வானிலையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து குறித்துவைத்து, அவற்றின் சராசரியாகவும் போக்காகவும் பெறுவது காலநிலை. ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்பது காலநிலை அறிவு. நாளை நம் ஊரில் மழை உண்டா என்பது வானிலைக் கேள்வி. முன்னதை நம் பாட்டனார் அனுபவத்தால் அறிந்திருந்தார். தும்பி தாழப் பறப்பதையும் எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறுவதையும் கண்டு பின்னதையும் ஓரளவு ஊகித்தார். அந்தக் கூர்மையான பார்வையை நாம் இகழ வேண்டா. ஆயினும், ஒருவருடைய கண்ணுக்கு எட்டும் வானம் மிகச் சிறிது. நாளைய மழையோ இன்று நூறு கல் தொலைவில், நாம் காணாத கடலின்மேல் உருவாகிக்கொண்டிருக்கிறது.

ஆதலின் வானிலை அறிஞர் செய்யும் முதல் வேலை, பல இடங்களிலிருந்து பார்ப்பது. அதுவும் ஒரே நேரத்தில் பார்ப்பது. நம் நாட்டில் ஒரு நாளின் மழைக் கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. முதல் நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்த மழையே அந்த நாளின் மழையளவாகப் பதிவாகிறது. செய்தித்தாளில் நீங்கள் காணும் "24 மணி நேர மழை" இதுவே.

ஒரு வானிலை நிலையத்துக்குள் சென்று பாருங்கள். புல்தரையின் நடுவே நான்கு கால்களின்மேல் வெள்ளை வண்ணம் பூசிய மரப்பெட்டி ஒன்று நிற்கும். அதன் பக்கங்கள் சன்னற் சட்டங்கள்போல் சாய்வான பலகைகளால் ஆனவை. அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். உள்ளே வெப்பமானிகள் இருக்கின்றன. வெயில் நேரே படும்படி வெப்பமானியை வைத்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது. வெயிலில் தான் சூடேறிய அளவைக் காட்டிவிடும். ஆகவே நிழல் வேண்டும். ஆனால் காற்றோட்டமும் வேண்டும். இவ்விரண்டையும் தருவதற்கே அந்தச் சாய்வுப் பலகைகள். நம் நாட்டில் பெட்டியின் கதவு வடக்கு நோக்கி இருக்கும். திறக்கும்போது வெயில் உள்ளே புகாமல் இருப்பதற்காக. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருப்பார்கள். காற்று உலர்ந்திருந்தால் ஈரம் விரைவாக ஆவியாகி அக்குமிழ் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் குளிர்ச்சி குறையும். உலர்ந்த குமிழ், ஈரக்குமிழ் ஆகிய இரண்டின் வேறுபாட்டிலிருந்து காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிடுகிறார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான்.

அருகில் மழைமானி. புனல் வழியே விழும் மழை கீழுள்ள கலத்தில் சேர்கிறது. அதனை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கிறார்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 1 லிட்டர் நீர் விழுந்தது என்பது பொருள். 1 சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீரைக் கொட்டுகிறது. விரலின் நகத்தளவாகத் தோன்றும் ஓர் எண்ணுக்குள் ஒரு குட்டை நீர் அடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் என் ஆசிரிய வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு மழைமானியை நட்டு, நாள்தோறும் அளவெடுக்கும் பொறுப்பை மாணவர்களிடம் முறைவைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு பொங்கல் விடுமுறை கழிந்து பதிவேட்டைப் புரட்டினேன். நான்கு நாட்களுக்கு நேராக நான்கு சுழியங்கள், ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தன. மழைமானியைத் திறந்தால் கலத்தில் 4 மில்லிமீட்டர் நீர் இருந்தது. பையனை அழைத்துக் கேட்டேன். "விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டேன் ஐயா. தை மாதத்தில் மழை ஏது என்று எண்ணிச் சுழியம் போட்டுவிட்டேன்" என்றான்.

அவனை நான் அடிக்கவில்லை. தவறு அவனுடையது மட்டும் அன்று. விடுமுறை நாட்களில் யார் பார்ப்பது என்று நான் ஏற்பாடு செய்யாமல் விட்டதும் தவறே. அந்தச் சுழியங்களை அடித்துவிட்டு, "பார்க்கப்படவில்லை" என்று அவனையே எழுதச் சொன்னேன். பிறகு வகுப்பு முழுமைக்கும் ஒன்றை விளக்கினேன். சுழியம் என்பது வெற்றிடம் அன்று. "நான் சென்று பார்த்தேன், மழை இல்லை" என்று ஒருவன் கூறும் சாட்சியம் அது. பாராதவன் அதை எழுதலாகாது. வெற்றிடம் அறியாமையை ஒப்புக்கொள்கிறது. பொய்ச் சுழியமோ அறியாமையை அறிவென்று காட்டி, பின்னால் வருவோரை ஏமாற்றுகிறது. அதன் பிறகு அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமையிலும் நனைந்துகொண்டு வந்து அளவெடுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு பள்ளியின் மழைக் கணக்கில் நேர்ந்த பிழைக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண, அளவுகள் சேருமிடத்துக்குச் செல்வோம்.

பல நிலையங்களில் எடுத்த அளவுகள் ஒரு மையத்துக்கு வந்து சேர்ந்து வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. காற்றழுத்தம் சமமாக உள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கிறார்கள். அக்கோடுகள் வளைந்து வளைந்து ஓரிடத்தைச் சூழ்ந்து நிற்கும்; அங்கே அழுத்தம் குறைவு. அதுவே நாம் அடிக்கடி கேட்கும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. சுற்றியுள்ள காற்று அதை நோக்கி ஓடிவருகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அக்காற்று நேரே செல்லாமல் விலகி, நம் வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பதனை நினைவிற் கொள்ளுங்கள். கருவி ஏதும் இல்லாத மாலுமிக்கும் இவ்விதி வழிகாட்டியது.

நம் நாட்டில் இம்முயற்சி நெடுநாளையது. சென்னையில் 1796 முதல் வானிலை அளவுகள் எடுக்கப்பட்டு வந்தன. நுங்கம்பாக்கத்தில் பழைய வானாய்வுக் கூடத்தின் கற்றூண் இன்றும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, வங்கக் கடற் புயல்கள் சுழற்காற்றுகளே என்று காட்டினார். சைக்ளோன் என்னும் சொல்லை 1848-இல் வழங்கியவரும் அவரே. ஆயினும் அளவெடுப்போர் ஆங்காங்கே தனித்தனியே இருந்தனர். அவர்களை இணைக்கும் அமைப்பு இல்லை. 1864 அக்டோபரில் பெரும்புயல் ஒன்று கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரவர் மாண்டனர். 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. இத்துன்பங்களின் பயனாக 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவராக அமர்ந்தார். அழிவு கற்பித்த பாடத்தால் பிறந்த துறை இது.

தரையில் மட்டும் அளந்தால் போதாது; மேகம் உருவாவது மேலே அன்றோ? ஆகவே நாள்தோறும் குறித்த நேரங்களில் வாயு நிரப்பிய பலூன்களை வானில் விடுகிறார்கள். அதில் கட்டிய சிறு கருவி, தான் ஏறும் உயரங்களிலெல்லாம் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து வானொலி அலைகளால் கீழே தெரிவிக்கிறது. 30 கிலோமீட்டருக்கும் மேலே சென்று பலூன் வெடிக்கும். அதுவரை அது அனுப்பும் எண்களைக் கருவிகள் பெற்றுக்கொண்டே இருக்கும். ராடார், மேகத்திலுள்ள மழைத்துளிகள்மீது அலையை ஏவி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு மழை எங்கே, எவ்வளவு என்பதனை அறிகிறது. 1960-இல் முதல் வானிலைச் செயற்கைக்கோள் பறந்தது. 1983-இல் ஏவிய இன்சாட்-1பி முதற்கொண்டு நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பனபோல் நின்று வங்கக் கடலை இரவும் பகலும் நோக்கி வருகின்றன.

கருவிகளைப் பற்றிப் பேசும்போது ஓர் அம்மையாரை மறத்தல் தகாது. அன்னா மாணி 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர், சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1948-இல் வானிலைத் துறையிற் சேர்ந்தார். அந்நாளில் எளிய கருவிகளுக்கும் நாம் பிறநாடுகளை எதிர்பார்த்திருந்தோம். ஏறத்தாழ 100 வகைக் கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே செய்வதற்கு அவர் வழிவகுத்தார். பிழையான அளவு, அளவே இல்லாமையினும் தீது என்னும் கொள்கை உடையவர் அவர். என் மாணவனுக்கு நான் கூற முயன்றதும் அதுவே.

அளவுகள் சேர்ந்தன, இனி நாளைய நிலையைக் கூறுவது எப்படி? காற்றும் வெப்பமும் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. இன்றைய நிலை தெரிந்தால், விதிகளைக் கொண்டு நாளைய நிலையைக் கணக்கிடலாம் என்று லூயி பிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர் கருதினார். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் மருத்துவ ஊர்தி ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரங்களில் ஆறு மணி நேர வானிலை ஒன்றைக் கையால் கணக்கிட்டார். வந்த விடை முற்றிலும் தவறு. காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்றது கணக்கு. அன்று உண்மையில் அது ஏறக்குறைய மாறவே இல்லை. அவர் அத்தோல்வியை மறைத்தாரில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் முழுமையாக எழுதிவைத்தார். அதனாற்றான் பின்வந்தோர் எங்கே தவறு நேர்ந்தது என்று கண்டு திருத்த முடிந்தது. 1950-இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கணிப்பொறியின் துணையால் வானிலையைக் கணித்தனர். இன்று நாடெங்கும் இயங்கும் முன்கணிப்புக்கு அதுவே வித்து.

அப்படியிருந்தும் ஏன் சிற்சில நாட்களில் கணிப்பு பிழைக்கிறது? 1961-இல் எட்வர்டு லோரன்சு என்னும் அறிஞர் தம் கணிப்பொறியில் ஒரு கணக்கை மறுமுறை ஓட்டினார். இம்முறை 0.506127 என்னும் எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். வேறுபாடு மிக நுண்ணியது. ஆயினும் சிறிது நேரத்தில் விடை முழுவதும் வேறாகிவிட்டது. தொடக்கத்தில் உள்ள சிறு பிழையும் நாள் செல்லச் செல்லப் பெருகும் என்பது வானிலையின் இயல்பு. ஆகவேதான் நாளைய கணிப்பு உறுதி மிக்கது. பத்தாம் நாளின் கணிப்பு உறுதி குறைந்தது. ஒரு சுழியத்தைப் பற்றி நான் ஏன் அவ்வளவு பேசினேன் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

மற்றொரு காரணமும் உண்டு. மழை ஊருக்கு ஊர் மாறுபடும். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அதே மாநகரின் நுங்கம்பாக்கத்திலோ 29 சென்டிமீட்டர். "பெய்யக்கூடும்" என்று அறிவிப்பாளர் கூறுவது மழுப்பல் அன்று. தாம் அறிந்ததன் எல்லையையும் சேர்த்துக் கூறும் நேர்மை அது.

இனி, உயிரோடு தொடர்புடைய புயலுக்கு வருவோம். கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்போது நீராவி பெருமளவில் மேலெழுகிறது. அது குளிர்ந்து மேகமாகையில் வெளிப்படும் வெப்பமே புயலின் எரிபொருள். சுழற்சியின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் அதைப் புயல் என்கிறோம். துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். கூண்டின் எண்கள் 1 முதல் 11 வரை உண்டு. எண் கூடக் கூட அபாயமும் நெருங்குகிறது. பத்தாம் எண்ணே மிகப்பெரிய அபாயம் என்றால், பதினோராம் எண் எதற்கு? வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. செய்தி நின்றுபோவதையும் ஓர் அபாயமாக எண்ணி அதற்கும் ஒரு கூண்டு வைத்த அறிவை நான் வியக்கிறேன்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, இலங்கையைக் கடந்து வந்த பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் மலைபோல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் அழிந்தது. புயலில் காற்றைவிடக் கொடியது இவ்வாறு கரையேறும் கடல்நீரே. நொடிதோறும் புயலின் போக்கைக் காட்டும் கருவிகள் அன்று இல்லை. இன்றும் அங்கே இடிந்த கோயிற் சுவர்களும் நிலையத்தின் எச்சங்களும் மணலில் நிற்கின்றன.

ஆனால் கருவிகள் மட்டும் போதா. 1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய கடும்புயலைச் செயற்கைக்கோள் முன்னரே கண்டது, எச்சரிக்கையும் விடப்பட்டது. எனினும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். ஓடிச்சென்று தங்க உறுதியான கட்டடங்கள் போதவில்லை. செய்தி எல்லாக் குடிசைகளையும் எட்டவில்லை. அம்மாநிலம் அதிலிருந்து பாடம் கற்றது. கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. ஊர்தோறும் இளைஞர்களைப் பயிற்றியது. 2013 அக்டோபர் 12-ஆம் நாள் பைலின் என்னும் கடும்புயல் அதே மாநிலத்தின் கோபால்பூருக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே ஏறத்தாழ 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. கேட்டவர் நம்பினர், நம்பியவர் நடந்தனர். வேறுபாடு இதுதான்.

மாணவச் செல்வங்களே, வானிலை அறிஞரால் புயலைத் தடுக்க இயலாது. நமக்குச் சில மணி நேரத்தை முன்கூட்டித் தருவதே அவரால் இயலும். அந்த நேரத்தைப் பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்பாயிருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயற்படுங்கள். புயலின் நடுவே காற்று திடீரென்று ஓய்ந்தால் வெளியே வாராதீர்கள். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும். ஒருமுறை எச்சரித்தும் புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டது என்பதற்காக, அடுத்த எச்சரிக்கையை எள்ளி நகையாடாதீர்கள்.

வாய்ப்பு இருந்தால் உங்கள் பள்ளியில் ஒரு மழைமானியை நட்டு, காலை 8.30 மணிக்கு அளவெடுத்து எழுதி வாருங்கள். மழை பெய்த நாளில் பெய்ததை எழுதுங்கள். பெய்யாத நாளில், நேரிற் சென்று பார்த்துவிட்டுச் சுழியம் எழுதுங்கள். பார்க்கவில்லையானால், பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். நாடெங்கும் பெயர் தெரியாத பலர் இவ்வாறு ஒவ்வொரு காலையும் உண்மையாக எழுதி வைக்கும் எண்களின்மேல்தான் நாம் கேட்கும் வானிலை அறிக்கை நிற்கிறது. அடுத்த முறை அதைக் கேட்கும்போது அவர்களை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.